வடிவான பாய்

விண்ட்சர்ஃபிங் என்றால் பலகையில் நின்று, கையில் பிடித்த பாயில் காற்றை வாங்கித் தண்ணீரில் ஓடுவது. கடற்கரையில் கட்டி வைத்திருக்கும் அந்தப் பாயைத் தூர நின்று பார்த்தாலே, கட்டியவர் எவ்வளவு காலமாகத் தண்ணீரில் நிற்கிறார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். புதிதாக வந்தவரின் பாய் வடிவாக இருக்கும். அடியிலிருந்து உச்சி வரை ஒரு சுருக்கமில்லாமல், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக நிற்கும். பழகியவரின் பாயோ மேற்பாதியில் பின்விளிம்பு தளர்ந்து, தொளதொளவென்று, ஏதோ பழுதாகிப் போனது மாதிரிக் கிடக்கும். தெரியாதவர்கள் பார்த்தால் இரண்டாவது ஆளுக்குத்தான் பாய் கட்டத் தெரியவில்லை என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆறு வருடம் வடிவான பாயோடு தண்ணீருக்குப் போய், ஒவ்வொரு முறையும் முன்கைத் தசை கல்லாக இறுகிக் கரைக்கு வந்தேன்.

எங்கள் பக்கத்தில் வடிவு என்றால் அழகு. 'வடிவாக் கட்டு' என்றால் ஒழுங்காகக் கட்டு என்று பொருள். அழகும் ஒழுங்கும் உருவமும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. பாய் விஷயத்தில் இவை மூன்றும் ஒன்றல்ல என்று விளங்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். பலகையைப் பற்றியோ, எந்த நிறுவனத்தின் பாய் நல்லது என்பதைப் பற்றியோ அல்ல. கரையில் குந்தியிருந்து பாயைக் கட்டும் அந்த இருபது நிமிடத்தைப் பற்றி மட்டும்.

நான் போகிற இடம் ப்ரௌவர்ஸ்டாம். நெதர்லாந்தின் தென்மேற்கு மூலையில், இரண்டு தீவுகளுக்கு நடுவே போட்ட அணை. 1953 பெப்ரவரி 1ஆம் திகதி அதிகாலை கடல் உள்ளே புகுந்து 1,836 பேரைக் கொண்டுபோன பிறகு, இனி இப்படி நடக்கவே கூடாது என்று கட்டிய டெல்டா அணைகளில் ஒன்று. 1971இல் கட்டி முடித்தார்கள். அணைக்கு ஒரு பக்கம் வட கடல், மற்றப் பக்கம் க்ரேவலிங்கன் ஏரி. கடலை அடைத்ததால் உண்டான ஏரி அது. 1978இல் அணையில் மதகு வைத்தார்கள். அதன் வழியாகக் கடல்நீர் வந்துபோவதால் ஏரி இன்றும் உப்பாகவே இருக்கிறது. அணையின் மேல் நின்றால் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் தட்டையான தண்ணீர். பழகுகிறவர்கள் ஏரிப் பக்கம்தான் இறங்குவார்கள்.

இங்கே மேற்கும் தென்மேற்கும்தான் அதிகம் வீசும். ஊரில் இதைச் சோளகம் என்பார்கள், பெயர் மட்டும்தான் ஒன்று, குளிர் வேறு. அந்தக் காற்று அணையைத் தாண்டி ஏரிக்குள் இறங்கும்போது, கரையோரம் அலை எழும்ப இடம் கிடைக்காது. தண்ணீர் கண்ணாடி மாதிரி. ஆனால் காற்று சீராக இராது. அணையின் மேட்டில் முட்டி, ஏறி, உருண்டு இறங்கும். இந்த நிமிடம் மணிக்கு 15 கடல் மைல், அடுத்த நிமிடம் 25. தட்டையான தண்ணீர், தாறுமாறான காற்று: பாயைச் சரியாகக் கட்டினோமா இல்லையா என்று உடனே காட்டிக் கொடுக்கிற இடம் இதைவிட வேறில்லை.

பாய் என்று நான் சொல்வது எதை என்றும் சொல்லிவிட வேண்டும். வள்ளத்துப் பாய் மாதிரி முழுதும் துணி இல்லை. பெரும்பகுதி ஒளி புகும் பிளாஸ்ரிக் தகடு, அதற்குள் நூல் பாவிய தகடு, முன்விளிம்பில் மட்டும் துணி. முன்விளிம்பு நெடுகிலும் ஒரு உறை தைத்திருக்கும், அதற்குள்தான் பாய்மரம் நுழையும். பாய்மரம் கார்பன் குழாய், இரண்டு துண்டு. குறுக்கே நாலைந்து பேட்டன்கள், அதாவது பாயை விறைப்பாக வைத்திருக்கும் மெல்லிய சட்டங்கள். இரண்டு கையாலும் நாம் பிடிக்கிற, கெண்டை மீன் உருவத்தில் வளைந்த குழாய்தான் பூம். பாய்மரத்தின் அடியில் செருகுவது எக்ஸ்டென்ஷன். அது ஒரு குழாய், கீழே சின்னக் கப்பிகள், பக்கத்தில் இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒன்றாகத் துளைகள். அந்தத் துளைகளை வைத்துத்தான் பாய்மரத்தின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிறோம்.

பாயின் அடியில் எண்கள் அச்சிட்டிருக்கும், நீளங்கள் எல்லாம் சென்ரிமீற்றரில். என்னுடைய 5.7 சதுர மீற்றர் பாயில் முன்விளிம்பு 436, பூம் 178, பாய்மரம் 430 என்று இருக்கிறது. 436இல் 430ஐக் கழித்தால் 6. ஆகவே எக்ஸ்டென்ஷனை 6இல் வைக்க வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. ஆறு வருடமும் நான் 6இல்தான் வைத்தேன்.

இனிக் கயிறு. பாயின் அடிமுனையில் மூன்று கப்பி, எக்ஸ்டென்ஷனில் மூன்று கப்பி. நாலு மில்லிமீற்றர் கயிற்றை மேலும் கீழுமாக அவற்றுக்குள் ஓட்டி, கடைசியில் பல் வைத்த ஒரு பிடிக்குள் விட்டு இழுக்க வேண்டும். இதற்கு டவுன்ஹோல் என்று பெயர், பாயைக் கீழ்நோக்கி இழுப்பது. கயிறு எங்கேயும் ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே போகக் கூடாது. குறுக்கே போனால் உராய்ந்து, பாதி பலம் அதிலேயே போய்விடும். கப்பி இருந்தும் கையால் மட்டும் இழுத்து முடிக்க முடியாது. நிலத்தில் உட்கார்ந்து, ஒரு காலைப் பாய்மரத்தின் அடியில் முட்டுக் கொடுத்து, கயிற்றை இடுப்பில் கட்டிய ஹார்னஸின் கொக்கியில் இரண்டு சுற்றுச் சுற்றி, உடம்பை அப்படியே பின்னால் சாய்க்க வேண்டும். கயிறு முறுகுகிற சத்தம் கேட்கும். பிடிக்குள் ஒவ்வொரு பல்லாகக் கயிறு நகர்வது விரலுக்குத் தெரியும். எதிரே, நாலு மீற்றருக்கு அப்பால், பாய்மரத்தின் உச்சி மெல்லப் பின்னால் வளையும். முதல் பத்து சென்ரிமீற்றர் லேசு. கடைசி மூன்றுதான் ஆளைத் தின்னும்.

ஒரு ஒக்டோபர் மாதம். காற்றின் பலம் போஃபோர்ட் அளவில் ஐந்தும் ஆறும் என்று அறிவித்திருந்தார்கள். வழமை போல 6இல் வைத்து, கப்பியோடு கப்பி முட்டும் வரை இழுத்து, பாயை நிமிர்த்திப் பார்த்தேன். நல்ல விறைப்பு, ஒரு சுருக்கமில்லை. தண்ணீருக்குப் போய் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தேன். ஒவ்வொரு திடீர்க் காற்றுக்கும் பின்கை, அதாவது பூமில் பின்னால் பிடிக்கிற கை, பிய்ந்துபோகிற மாதிரி இழுவை. பாயைத் திறந்து காற்றை விட்டால் வேகம் போய்விடும், விடாவிட்டால் பாய் என்னைத் தூக்கி முன்னால் எறியும். இரண்டு முறை அப்படி எறிந்தது. இரண்டாவது முறை நெற்றி பூமில் அடித்தது.

புல்லில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழும்பி வந்தார். எழுபது வயதிருக்கும். அந்தக் கரையில் அடிக்கடி கண்டிருக்கிறேன், பேசியதில்லை. என் பாயை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் போய் நின்று மேல்பகுதியை ஒரு விரலால் தட்டினார். மேளத்தோல் மாதிரிச் சத்தம் வந்தது. பிறகு கீழே குனிந்து எக்ஸ்டென்ஷனைப் பார்த்தார்.

“எண் எப்படி எடுத்தாய்?”

கழித்து எடுத்தேன் என்றேன்.

“கணக்குச் சரி. ஆனால் இங்கே கப்பிதான் முடிந்திருக்கிறது, பாய் இன்னும் முடியவில்லை.”

விளங்கவில்லை. அவரே உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்து, எக்ஸ்டென்ஷனை 10க்கு இறக்கினார். அச்சிட்ட எண் ஒரு வழிகாட்டிதான் என்றார். பாய்க்குப் பாய், மரத்துக்கு மரம், ஓரிரு சென்ரிமீற்றர் மாறும். ஒரே நிறுவனத்தின் ஒரே அளவுப் பாய்மரங்கள்கூடக் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். கப்பிகள் முட்டினால் இனி இழுக்க இடமில்லை என்றுதான் பொருள், போதும் என்று பொருளல்ல. இழுக்க இடமிருக்கிற மாதிரி முதலில் நீளத்தைக் கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதைப் பாயின் மேல்பகுதியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், கப்பியைப் பார்த்து அல்ல.

இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்தோம். நாலு சென்ரிமீற்றர் கூட. என் கண் முன்னாலேயே பாய் கெட்டுப் போனது. உச்சியிலிருந்து இரண்டாவது பேட்டன் வரை பின்விளிம்பு தளர்ந்து, கையால் தள்ளினால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது. நெற்றிச் சுருக்கம் மாதிரி மெல்லிய வரிகள். 'இதோடையா போகிறது' என்று எனக்குள் ஒரு தயக்கம். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தன் பாயைச் சுட்டிக் காட்டினார். அதுவும் அதே மாதிரித்தான் துவண்டு கிடந்தது.

தண்ணீரில் ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. காற்று அதே காற்று. ஆனால் திடீர்க் காற்று வந்து விழுந்தபோது, என்னைத் தூக்க வந்த பாய் அந்தக் கணத்தில் மேலே ஒரு கதவு திறந்த மாதிரி விரிந்து, மிச்சத்தை விட்டுவிட்டது. பலகை மட்டும் முன்னால் பாய்ந்தது. பின்கையில் பாரம் இல்லை. கரைக்குத் திரும்பும்போது கத்தினேன் என்று நினைக்கிறேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அந்தக் கரையில் எல்லோரும் எப்போதாவது கத்துவார்கள்.

அன்றிரவு படுக்கையில் எனக்கு வந்த நினைவு அப்பாவும் பட்டமும். நான் வல்வெட்டித்துறைக்காரன். தைப்பொங்கலுக்குக் கடற்கரையில் பட்டம் ஏற்றுவது எங்களுக்குத் திருவிழா. பட்டத்தில் எல்லோரும் பார்ப்பது தாளும் நிறமும். அப்பா பார்ப்பது முச்சையை மட்டும். பட்டத்தின் நெஞ்சில் கட்டுகிற நூல் அது, அங்கேதான் பறக்கவிடும் நூலைத் தொடுப்பார்கள். காற்றுக் கடுமையாக இருந்தால் முடிச்சை அரை விரல் மேலே ஏற்றுவார். பட்டம் காற்றுக்கு நெஞ்சைக் கொடுக்காமல் கொஞ்சம் படுத்துக்கொண்டு பறக்கும், இழுவை குறையும், நூல் அறாது. காற்று மெலிந்தால் முடிச்சைக் கீழே இறக்குவார். 'காத்தோடை சண்டை பிடிக்கக் கூடாது, அதுக்கு வழி விட வேணும்' என்பார். பாயிலும் அதுதான் நடக்கிறது. ஏன் நடக்கிறது என்று பிறகு வாசித்து விளங்கிக்கொண்டேன், அதையும் சொல்கிறேன்.

பாயின் முன்விளிம்பை நேராக வெட்டியிருக்க மாட்டார்கள். வில் மாதிரி முன்னுக்கு வளைத்து வெட்டியிருப்பார்கள். நேரான பாய்மரத்தை அந்த உறைக்குள் விட்டால், வளைத்து வெட்டிய மிச்சம் எல்லாம் நடுவுக்குப் போய்த் தொப்பை விழும். கயிற்றை இழுக்க இழுக்க மரம் வளைந்து அந்த வெட்டோடு பொருந்தும். தொப்பை சுருங்கும், அத்தோடு முன்னுக்கும் நகரும். பாயின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், பாய்மரத்துக்குக் கிட்டவாகத் தொப்பையின் ஆழம் இருக்க வேண்டும். விமானச் சிறகை வெட்டிப் பார்த்தாலும் முன்பக்கம்தான் பருத்திருக்கும்.

இன்னொன்றும் நடக்கிறது. உச்சி பின்னால் வளைந்து இறங்குவதால், உச்சிக்கும் பூமின் பின்முனைக்கும் இடையே உள்ள தூரம் குறைகிறது. அந்தத் தூரத்தில்தானே பின்விளிம்பு இழுபட்டு நின்றது? தூரம் குறைய அது தளர்கிறது. பழுதான பாய் மாதிரித் தெரிகிற அந்தத் தளர்வுதான் வேண்டிய தளர்வு. தண்ணீரை ஒட்டிக் காற்று மெதுவாகவும், நாலு மீற்றர் உயரத்தில் வேகமாகவும் வீசும். ஆகவே பாயின் மேல்பகுதி கீழ்ப்பகுதியைவிடக் கொஞ்சம் திறந்து, முறுகி நிற்க வேண்டும். பின்விளிம்பு தளர்ந்திருந்தால் காற்றே அந்த முறுக்கை உண்டாக்கும். பலமான காற்று வந்தால் கூடத் திறக்கும், போனதும் தானாக மூடும். பின்விளிம்பு இறுகியிருந்தால் அந்த வழி இல்லை. வந்த காற்று முழுவதும் பாய்க்குள் தங்கி, இழுவையின் மையம் பின்னுக்கும் மேலுக்கும் போகும். அதைப் பிடித்து நிறுத்த இருப்பது நம்முடைய பின்கை ஒன்றுதான். ஆறு வருடமாக என் பின்கை செய்த வேலை அதுதான். எனக்குப் பலம் போதாது என்று உடற்பயிற்சிக்குக்கூடப் போனேன்.

தொடக்கத்தில் இந்தப் பாய்கள் இப்படி இருக்கவில்லை. 1965இல் அமெரிக்காவில் நியூமன் டார்பி என்பவர், பலகையில் நின்றுகொண்டு பிடிக்கும் பாயைப் பற்றி ஒரு சஞ்சிகையில் எழுதினார். அது உண்மையிலேயே பட்டத்தின் உருவத்தில் இருந்த பாய். பிறகு கலிபோர்னியாவில் ஹொய்ல் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் 1968இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். டிரேக் விமானப் பொறியியலாளர். எல்லாப் பக்கமும் சாய்கிற மூட்டில் பாய்மரத்தை நிறுத்தி, இரண்டு பக்கமும் வளைந்த பூமைப் பிடிக்கிற இன்றைய அமைப்பு அவர்களுடையது. அந்தக் காலத்துப் பூம் தேக்கு. 1970களில் டென் காட்டே என்ற டச்சு நெசவு நிறுவனம் உரிமம் வாங்கி இங்கே செய்யத் தொடங்கியதும் இந்த நாடு முழுக்கப் பரவிவிட்டது. 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸில் விண்ட்சர்ஃபிங் முதன்முதலாக ஒலிம்பிக்கில் வந்தபோது தங்கம் வென்றவரும் டச்சுக்காரர்தான், ஸ்டெஃபான் வான் டென் பெர்க்.

எங்கள் தெருவில் ஒருவர் அந்தக் காலத்துப் பலகையும் பாயும் கராஜில் வைத்திருக்கிறார். ஒருநாள் விரித்துக் காட்டினார். மெத்தென்ற துணி, பின்விளிம்பில் மட்டும் குட்டிக் குட்டிச் சட்டங்கள். அடியில் ஒரு கயிறு, கையால் இழுத்துக் கட்டினால் முடிந்தது. அந்தப் பாயில் பின்விளிம்பைத் தளர விடுவதில் பயனில்லை, துணி இழுபட்டுத் தொப்பை தன் பாட்டில் அலையும். பாய் முழு அகலத்துக்கும் பேட்டன் வந்து, துணிக்குப் பதில் இழுபடாத தகடு வந்து, பாய்மரம் கார்பனான பிறகுதான் வடிவத்தைப் பூட்டி வைத்துவிட்டு மேல்பகுதியை மட்டும் தளர விட முடிந்தது. 80களின் கடைசியிலிருந்து 90களின் தொடக்கம் வரை நடந்த மாற்றம் அது. எனக்கு முதலில் பழக்கியவர் அதற்கு முந்திய காலத்தில் பழகியவர். சுருக்கமில்லாமல் இறுக்கிக் கட்டு என்று அவர் சொல்லித் தந்தது அவருடைய பாய்க்கு முழுக்கச் சரி.

டவுன்ஹோல் சரியாகிவிட்டால் மற்றதெல்லாம் லேசு என்று நான் நம்புகிறேன். அவுட்ஹோல் என்பது பாயின் பின்முனையைப் பூமின் கடைசிக்கு இழுக்கிற கயிறு. அதைக் கையாலேயே இழுக்கலாம். முதலில் கயிற்றைச் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிற அளவுக்குக் கட்டு, பிறகு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இழு. பாய் காற்றில் நிரம்பியபோது பூமைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் சரி. பூமில் அப்பிக்கொண்டு கிடந்தால் போதாது. பலகை மாதிரித் தட்டையாகிவிட்டால் கூடிவிட்டது, அந்தப் பாயில் உயிர் இராது. இரண்டு கயிற்றையும் அடிக்கடி மாற்றிக் குழப்பிக்கொள்கிறார்கள். காற்றுக் கூடிவிட்டது என்று அவுட்ஹோலை மட்டும் முறுக்கு முறுக்கென்று முறுக்குகிறவர்களை வாரா வாரம் காண்கிறேன். கீழ்ப்பகுதி தட்டையாகும், மேல்பகுதி அப்படியே இறுகிக் கிடக்கும். காற்றுக் கூடினால் முதலில் போக வேண்டிய இடம் டவுன்ஹோல்.

பின்கை பாரமென்றால் அடியில் இன்னும் இழுக்க வேண்டும். முன்கை பாரமாகி, காற்று மெலிந்த நேரத்தில் பாய் தூங்கி விழுந்தால் அடியில் கூட இழுத்துவிட்டோம், ஒரு சென்ரிமீற்றர் விட வேண்டும். இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

பேட்டன்களைப் பலர் மறந்துவிடுவார்கள். பின்முனையில் ஒரு சின்னத் திருகாணி, அதற்கொரு சாவி. பேட்டனின் உறையைக் குறுக்கே வெட்டுகிற மாதிரிச் சுருக்கம் தெரிந்தால், அது மறையும் வரை திருக வேண்டும், மறைந்ததும் நிறுத்த வேண்டும். பேட்டனின் முன்முனை பாய்மரத்தின் பக்கவாட்டில் எங்கே நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். பூமுக்கு மேலே உள்ளவை மரத்தின் அகலத்தில் பாதியைத் தாண்டி முன்னால் முட்டிக்கொண்டு நின்றால், திரும்பும்போது பாய் மறுபக்கம் புரளாது. அதற்கும் மருந்து அடியில் இழுப்பதுதான்.

ஒரு ஏமாற்றத்தையும் எழுத வேண்டும். இரண்டாவது பாய்மரத்தை ஒருவரிடம் பாவித்த பொருளாக வாங்கினேன். 400 சென்ரிமீற்றர், நல்ல கார்பன், அரை விலை. என் 4.7 பாய்க்கு அதே நீளம்தான் வேண்டும். எல்லாப் பாய்க்கும் பொருந்தும் என்றார், நம்பினேன். என்ன செய்தும் பாய் சரிவரவில்லை. மேலே ஒரேயடியாகத் துவண்டு, பூமுக்குக் கிட்ட இரும்பு மாதிரி இறுகும். நீளமும் விறைப்பும் ஒன்றாக இருந்தாலும், வளையும் விதம் மரத்துக்கு மரம் வேறு என்று பிறகுதான் தெரிந்தது. சில மரங்கள் சீராக வளையும், சில உச்சியில் கூட வளையும், சில உச்சியில் விறைத்து நிற்கும். பாயை வெட்டியவர் ஒரு வளைவை மனத்தில் வைத்துத்தான் அந்த வில்லை வெட்டுகிறார். அந்த வளைவு இல்லாத மரத்தில் எந்தக் கயிற்றை எவ்வளவு இழுத்தும் பயனில்லை. அந்த மரத்தை வாங்கின விலைக்கும் குறைத்து, எதற்குப் பொருந்தும் என்பதைச் சொல்லி விற்றேன். பாவித்த பொருள் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முதல் வளைவைக் கேளுங்கள்.

பெரியவர் நாலு சென்ரிமீற்றர் கூட இழுத்த அந்த நாளில் இன்னொரு மாற்றமும் செய்ய வேண்டி வந்தது. பூமின் இரண்டு பக்கமும் தொங்குகிற ஹார்னஸ் கயிறு இருக்கிறதல்லவா, இடுப்புக் கொக்கியில் மாட்டி உடம்பின் பாரத்தால் பாயைப் பிடிப்பது. என் கயிறுகள் நன்றாகப் பின்னால் இருந்தன, ஏனென்றால் என் பாயின் இழுவை பின்னால் இருந்தது. பிழையான பாய்க்குப் பொருத்தமாகவே மற்ற எல்லாவற்றையும் வருடக்கணக்காக ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். இழுவை முன்னுக்கு வந்ததும் கயிறுகளை மூன்று விரல் முன்னால் தள்ளினேன். கரையிலேயே சோதிக்கலாம்: காற்றில் பாயை நிமிர்த்தி, பூமை ஒற்றைக் கையால் பிடித்து, கையை முன்னும் பின்னுமாக நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் பாய் திறக்கவும் பார்க்காது, மூடவும் பார்க்காது, ஒரு கையில் சும்மா நிற்கும். அந்த இடத்துக்கு முன்னும் பின்னுமாகக் கயிற்றின் இரு முனையும் வர வேண்டும். பூமின் உயரம் தோளுக்கும் நாடிக்கும் நடுவே. பாய்மரம் பலகையில் எங்கே நிற்க வேண்டும் என்பது பலகைக்குப் பலகை மாறும், நடுவில் தொடங்கினால் போதும்.

கழற்றும்போது முதலில் அவுட்ஹோல், பிறகுதான் டவுன்ஹோல். மாறிச் செய்தால் பாய் எல்லாப் பாரத்தையும் பின்முனையில் வாங்கும். பாய்மரத்தின் இரண்டு துண்டும் சேருகிற இடத்தை மணல் போகத் துடைத்துவிட்டுச் சேருங்கள், மேலே மின்வயர் சுற்றுகிற ரேப்பை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். எக்ஸ்டென்ஷனை நல்ல தண்ணீரில் கழுவாமல் வைத்தால், உப்பும் மணலும் இறுகி அடுத்த முறை துளை மாற்ற முடியாது. இதைச் செய்யாமல் ஒரு சனிக்கிழமை முழுதும் இழந்திருக்கிறேன், ஆறு காற்று வீசிய சனிக்கிழமை.

இந்த வைகாசியில் அண்ணையின் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பதினாலு வயது, இங்கேயே பிறந்தவள். அவளுக்கு 4.0 பாய், 370 பாய்மரம். முன்விளிம்பு 384 என்று போட்டிருந்தது. அவளே கழித்து 14 என்றாள். 16இல் வை என்றேன். ஏன் என்று கேட்டாள். இழுத்துப் பார்த்தால் தெரியும் என்றேன்.

கயிறு ஓட்டுவதை ஒருமுறைதான் காட்டினேன். அவள் பிசகாமல் ஓட்டினாள். கொக்கியில் சுற்றிப் பின்னால் சாய்ந்தாள். அவளுக்குப் பாரம் போதாமல் இருந்ததால் நானும் தோளைப் பிடித்துச் சாய்ந்தேன். உச்சி வளைந்தது. அவள் எழும்பிப் போய்ப் பாயைச் சுற்றிப் பார்த்தாள்.

“சித்தப்பா, இது கிழிஞ்ச பாய் மாதிரியெல்லோ கிடக்கு.”

“ஒருக்கால் போய்ட்டு வா.”

போனாள். கரையோரத்திலேயே இரண்டு தரம் அங்குமிங்கும் ஓடினாள். அணைப் பக்கமிருந்து ஒரு திடீர்க் காற்று இறங்கித் தண்ணீரைக் கறுப்பாக்கிக்கொண்டு வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாயின் மேல்பகுதி விரிந்தது, அவள் விழவில்லை. கரைக்கு வந்து பலகையை நிறுத்திவிட்டு, கையை உதறிக்கொண்டே, “பின்கை இன்னும் கொஞ்சம் பாரமாக் கிடக்கு” என்றாள்.

என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அவுட்ஹோல் பக்கம் போகவில்லை. குனிந்து எக்ஸ்டென்ஷனைப் பார்த்தாள். இரண்டு கப்பிகளுக்கும் நடுவே சுட்டுவிரலை வைத்து அளந்தாள். பிறகு நிலத்தில் உட்கார்ந்து, காலை முட்டுக் கொடுத்து, கயிற்றைக் கொக்கியில் சுற்றத் தொடங்கினாள்.

“இன்னும் ஒரு சென்ரிமீற்றர் இருக்கு. பிடியுங்கோ சித்தப்பா.”